திவான்: கட்டிலா, மந்திரியா, கணக்கேடா?

உடன்குடியில் ஒரு நிக்காஹ் வீட்டுக்குப் போயிருந்தோம். வாசலில் குட்டி யானை வண்டி நின்றது. பீரோ, கட்டில், குளிர்சாதனப் பெட்டி என்று ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. (மாப்பிள்ளை வீட்டார் தங்கள் காசில் வாங்கியது என்றார்கள்; அதனால் நாம் வாயைத் திறக்கவில்லை.) கடைசியாக மெத்தை தைத்த நீளமான இருக்கை ஒன்று வந்தது. "திவானை முன் ஹாலில் போடுங்க" என்று பெண்ணின் வாப்பா சொன்னார்.

பக்கத்தில் நின்ற எட்டாம் வகுப்புப் பையன் நம்மைப் பார்த்துக் கேட்டான்: "ஹஜ்ரத், திவான்னா மந்திரின்னு வரலாற்றுப் புக்குல இருக்கு. இங்க கட்டில்னு சொல்றாங்க. எங்க மூத்தாப்பா பேரும் திவான் மைதீன்தான். எது சரி?"

மலேசியாவில் முப்பது வருடம் கடை வைத்துவிட்டு ஊருக்கு வந்திருந்த ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். "அங்க கல்யாண மண்டபத்துக்குப் பேரே டேவான்தான் தம்பி" என்றார். பையன் முகத்தில் இருந்த குழப்பம் நான்கு மடங்கானது.

எல்லாமே சரிதான் என்று அப்போதைக்குச் சொல்லி வைத்தோம். நிக்காஹ் ஓத வேண்டிய நேரம், அதற்கு மேல் பேச முடியவில்லை. அரபிக் கல்லூரியில் ஓதிய காலத்தில் இந்தச் சொல்லை நாம் சந்தித்தது ஒரு பொருளில். பிறகு கலைக் கல்லூரியில் வரலாறு படித்தபோது சந்தித்தது வேறு பொருளில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பை அந்தப் பையன் கொடுத்தான். அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறோம். அதோடு, அவனிடம் சொல்ல முடியாத ஒன்றையும்.

திவான் அரபுச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அரபு நூல்களில் அது அவ்வளவு சரளமாகப் புழங்குகிறது. 'தவாவீன்' என்று அரபு இலக்கணப்படி பன்மைகூட உண்டு. ஆனால் பிறந்த வீடு பாரசீகம். இஸ்லாத்துக்கு முந்தைய சாசானியர் ஆட்சியில் அரசாங்க எழுத்துகளைச் சேர்த்து வைத்த இடத்துக்கும் அந்தத் தொகுப்புக்கும் அப்பெயர் இருந்தது. பழைய பாரசீகத்தில் எழுத்துக்கு 'திபி' என்று பெயர். எழுத்தரைக் குறிக்கும் 'தபீர்' என்ற சொல்லும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இன்னும் பின்னோக்கிப் போனால் ஈராக் மண்ணில் களிமண் பலகையில் எழுதிய காலம் வரை வேர் நீள்கிறது என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். நாம் தமிழில் சொல்கிற 'லிபி'யும் அந்தத் திபியிலிருந்து வடமொழி வழியாக வந்ததே என்பது அவர்களில் பலரின் கருத்து. அசோகர் வடமேற்கில் வெட்டி வைத்த கல்வெட்டில் 'திபி' என்றே இருக்கிறது. ஆக, திவானும் லிபியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

இதற்கு இன்னொரு கதையும் உண்டு. ஹிஜ்ரி 450இல் வஃபாத்தான இமாம் மாவர்தீ அவர்கள் அரசாட்சிச் சட்டங்களைப் பற்றி எழுதிய 'அல்-அஹ்காமுஸ் சுல்தானிய்யா'வில் அதைப் பதிந்திருக்கிறார்கள். பாரசீக மன்னர் கிஸ்ரா ஒரு நாள் தன் எழுத்தர்களைப் பார்க்கப் போனாராம். எல்லோரும் தங்களுக்குள் முணுமுணுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'தீவானா' என்றாராம் மன்னர், அதாவது பைத்தியங்கள். அந்தப் பெயரே அவர்கள் இருந்த இடத்துக்கு நிலைத்துவிட்டது, நாளடைவில் கடைசி எழுத்து தேய்ந்தது என்பது கதை. சினிமாப் பாட்டில் வரும் 'திவானா' இந்தப் பைத்தியம்தான். கதை சுவையானது, மொழியியல் அதை ஏற்கவில்லை. ஆனால் மார்ச் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் கடைக்காரரைப் பார்த்தவர்கள் கிஸ்ராவைக் குறை சொல்ல மாட்டார்கள்.

நமக்கு முக்கியமானது, இந்தப் பாரசீகச் சொல் மதீனாவுக்கு எப்படி வந்தது என்பது.

அண்ணலார் (ஸல்) அவர்கள் காலத்தில் திவான் இல்லை. தபூக் போருக்குப் போகாமல் தங்கிவிட்ட கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் நீண்ட ஹதீஸ் நம்மில் பலர் பயானில் கேட்டிருப்பது. அதில் ஒரு சிறு இடம்: அந்தப் படையில் முஸ்லிம்கள் மிகுதியாக இருந்தார்கள், அவர்களின் பெயர்களை அடக்கிய ஏடு எதுவும் இல்லை என்கிறார்கள் கஅப். அந்த இடத்தில் 'ஏடு என்றால் திவானைச் சொல்கிறார்' என்று ஒரு விளக்கமும் அறிவிப்பிலேயே சேர்ந்திருக்கிறது. பின்னால் வந்தவர்களுக்குத் திவான் அவ்வளவு பழகிவிட்டது. ஒரு முறை, இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு அண்ணலார் கேட்டு, 1,500 ஆண்கள் என்று எழுதிக் கொடுத்ததாக ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸும் உண்டு. அது ஒரு தடவை எடுத்த கணக்கு. நிலையான பதிவேடு வந்தது உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில். ஹிஜ்ரி 15 என்றும் 20 என்றும் இரு கருத்து உண்டு.

பஹ்ரைனிலிருந்து அபூஹுரைரா (ரலி) பணத்தோடு வந்தார்கள். "எவ்வளவு?" என்று கேட்டார்கள் உமர். "ஐந்து லட்சம் திர்ஹம்." "என்ன சொல்கிறீர் என்று தெரிந்துதான் சொல்கிறீரா?" என்று கேட்டார்கள் கலீஃபா. அபூஹுரைரா ஒரு லட்சம், ஒரு லட்சம் என்று ஐந்து தடவை எண்ணிக் காட்ட வேண்டியிருந்தது. உறக்கக் கலக்கத்தில் பேசுகிறீர், போய்த் தூங்கிவிட்டுக் காலையில் வாரும் என்று அனுப்பியதாகக்கூட அறிவிப்பில் வருகிறது. அவ்வளவு பெரிய தொகை அதுவரை மதீனா பார்த்ததில்லை. மறுநாள் மக்களைக் கூட்டி, அளந்து தரவா, எண்ணித் தரவா என்று கேட்டார்கள். யாருக்குக் கொடுத்தோம், யார் விடுபட்டார் என்று எப்படித் தெரியும் என்ற பேச்சு எழுந்தது. பாரசீகர்கள் இதற்குத் திவான் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். ஷாமின் மன்னர்களிடம் பார்த்தேன் என்று இன்னொருவர் சொன்னதாகவும் வருகிறது.

அந்நியருடையது என்று உமர் (ரலி) அதைத் தள்ளவில்லை. சொல்லையும் மாற்றவில்லை. வேலைக்கு ஆகும் கருவி, எடுத்துக்கொண்டார்கள்.

எழுதும் பொறுப்பு வம்சாவளி தெரிந்த மூவருக்குப் போனது: அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம். அவர்கள் பனூ ஹாஷிமில் தொடங்கி, அடுத்து அபூபக்ர் (ரலி) குடும்பம், அதற்கடுத்து உமர் (ரலி) குடும்பம் என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். கலீஃபா என்ற மரியாதைக்காகச் செய்தது. உமர் (ரலி) ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணலாருக்கு நெருங்கிய உறவினர் முதலில், அப்படியே வரிசையாகப் போங்கள், உமரை அல்லாஹ் வைத்த இடத்தில் வையுங்கள் என்றார்கள். அவர்களுடைய குலத்தார், 'நம் பெயர் மேலே வந்ததை ஏன் கீழே தள்ளுகிறீர்' என்று வந்து முறையிட்டதாகவும், கடிந்து திருப்பி அனுப்பியதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நம் ஊர்களில் நிர்வாகக் கமிட்டி அமைத்தவுடன் யார் பெயர் அழைப்பிதழில் முதலில் வர வேண்டும் என்று நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அந்த ஏட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பத்ரில் கலந்துகொண்ட முஹாஜிர்களுக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம். அண்ணலாரின் துணைவியருக்கு 10,000, ஆயிஷா (ரலி) அவர்களுக்கு 12,000 என்று வருகிறது. அறிவிப்புக்கு அறிவிப்பு எண்களில் சிறு மாற்றம் உண்டு. அண்ணலாரின் மாமி ஸஃபிய்யா (ரலி) அவர்களுக்கு 6,000. அஸ்மா பின்த் உமைஸ் (ரலி), உம்மு குல்தூம் பின்த் உக்பா (ரலி) ஆகியோருக்கு ஆளுக்கு 1,000. கவனியுங்கள்: இவை கணவர் பெயரிலோ அண்ணன் பெயரிலோ எழுதப்பட்டவை அல்ல. அந்தப் பெண்களின் சொந்தப் பெயரில் எழுதப்பட்டவை.

குழந்தைகளுக்கு வந்த கதை தனி. முதலில் தாய்ப்பால் மறந்த குழந்தைக்கு மட்டும் பங்கு என்று இருந்தது. ஒரு வணிகக் கூட்டம் மதீனாவுக்கு வெளியே தங்கிய இரவில், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோடு காவல் காத்துக்கொண்டிருந்தார்கள் உமர். ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதது. போய்த் தாயிடம் சொன்னார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி அழுகை. மூன்றாம் முறை கொஞ்சம் கோபமாகவே கேட்டபோது, எதிரே நிற்பவர் யாரென்று தெரியாத அந்தத் தாய் சொன்னாள்: பால் மறக்கடிக்கிறேன், மாட்டேன் என்கிறான், பால் மறந்த பிள்ளைக்குத்தானே உமர் பங்கு எழுதுகிறார்! அன்று சுபுஹு தொழுகையில் அவர்கள் ஓதியது அழுகையில் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று இப்னு ஸஅத் எழுதுகிறார். அதன் பிறகு, பிள்ளைகளை அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்காதீர்கள், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பங்கு உண்டு என்று எல்லாப் பகுதிக்கும் உத்தரவு போனது. ஒரு பதிவேட்டில் ஒரு வரி எப்படி எழுதப்படுகிறது என்பது ஒரு குழந்தையின் வயிறு வரை போகும் என்பதை அந்த இரவு காட்டியது.

இன்னொரு காட்சி. குஸாஆ குலத்தாரின் திவானைக் கலீஃபா தம் கையில் எடுத்துக்கொண்டு மக்கா செல்லும் வழியில் உள்ள குதைதுக்குப் போவார்கள். அங்கே பெண்கள் வருவார்கள். மணமாகாதவர், மணமாகி வாழ்ந்தவர் என்று ஒருவரும் விடுபட மாட்டார்கள். அவரவர் கையிலேயே கொடுப்பார்கள். பிறகு உஸ்ஃபானுக்குப் போய் அப்படியே செய்வார்கள். இதை நேரில் கண்டவர் சொன்னதாக அதே இப்னு ஸஅதின் நூலில் இருக்கிறது. நாம் ஓதிய காலத்தில் இந்த வரியைக் கடந்து போயிருக்கிறோம். அது நம்மை நிறுத்தியது பல ஆண்டுகளுக்குப் பிறகு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

ஃபிக்ஹிலும் திவான் தன் இடத்தைப் பிடித்தது. தவறுதலாக நடந்த கொலைக்கு ஈட்டுத்தொகையைக் கொலையாளி தனியாகச் செலுத்துவதில்லை; அவரைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து செலுத்துவார்கள். யார் அந்தச் சேர்ந்தவர்கள்? ஒருவர் திவானில் பதிவானவராக இருந்தால் அவரோடு அதே திவானில் இருப்பவர்கள் என்கிறது ஹனஃபி மத்ஹப். தந்தை வழி உறவினர் என்கிறது ஷாஃபிஈ மத்ஹப். ஒரே ஏட்டில் பெயர் இருப்பது இரத்த உறவுக்கு நிகரான பொறுப்பைக் கொண்டுவரும் என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கருதியிருக்கிறார்கள். சிறிய விஷயமல்ல.

உமய்யாக்கள் காலம் வரை ஈராக்கின் வரிக் கணக்கு பாரசீகத்திலும் ஷாமின் கணக்கு கிரேக்கத்திலும் எழுதப்பட்டு வந்தன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆட்சி முஸ்லிம்களிடம், கணக்கு மொழி பழைய எழுத்தர்களிடம். கலீஃபா அப்துல் மலிக் காலத்தில், கி.பி. 700ஐ ஒட்டிய ஆண்டுகளில், இரண்டும் அரபுக்கு மாறின. ஷாமில் ஒரு கிரேக்க எழுத்தர் மைக்கூட்டில் தண்ணீர் ஊற்றுவதற்குப் பதிலாகச் சிறுநீர் கழித்துவிட்டார், அந்தக் கோபத்தில்தான் மாற்றம் வந்தது என்று பலாதுரீ ஒரு கதை சொல்கிறார். மொழிக் கொள்கைகளுக்குப் பின்னால் சில நேரம் இப்படியும் காரணம் இருக்கும் போலும்.

அங்கிருந்து சொல் கப்பலேறியது. வரிக் கணக்கு எழுதும் இடம் திவான் என்றால், துறைமுகத்தில் சரக்குக்கு வரி எழுதும் இடமும் திவான்தானே? 1183இல் அந்தலூஸிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், அலெக்சாண்டிரியாவில் இறங்கியதும் பட்ட பாட்டைத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். பயணிகள் எல்லோரையும் திவானுக்கு ஓட்டிச் சென்றார்கள், மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினார்கள், இடுப்பில் கைவிட்டுத் தேடினார்கள், இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று சத்தியம் வாங்கினார்கள், நெரிசலில் பல பொருள்கள் காணாமல் போயின. கையில் இருந்த பொருளுக்கு ஓராண்டு நிறைந்ததா என்றுகூடக் கேட்காமல் ஜகாத் வாங்கினார்கள் என்பது அவருடைய பெரிய மனக்குறை. சுல்தான் ஸலாஹுத்தீனுக்குத் தெரிந்தால் இதை நிறுத்திவிடுவார் என்று மட்டும் சொல்லி ஆறுதல் பட்டுக்கொள்கிறார். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பி, விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டிய நம் சகோதரர்கள் இந்தப் பக்கங்களைப் படித்தால் எண்ணூறு வருடத்துக்கு முந்தையது என்று நம்ப மாட்டார்கள்.

அந்தச் சுங்கத் திவான்தான் இத்தாலியில் 'தொகானா', ஸ்பெயினில் 'அதுவானா', பிரான்சில் 'துவான்' ஆனது. காரைக்காலிலிருந்து பிரான்சுக்குக் குடிபோன நம் சமுதாயத்துக் குடும்பங்கள் அங்கே எல்லையில் பார்க்கும் பலகையில் இருப்பது இந்தப் பாரசீகச் சொல்தான்.

கவிதைத் தொகுப்புக்குத் திவான் என்று பெயர் வந்ததும் ஏடு என்ற பொருளிலிருந்தே. பல எழுத்துகளை ஒன்றாகச் சேர்த்தது திவான் என்றால், ஒருவருடைய எல்லாக் கவிதைகளையும் சேர்த்ததும் திவான். பாரசீகத் திவான்களில் கஸல்களை இயைபின் கடைசி எழுத்தைக் கொண்டு அகர வரிசையில் அடுக்குவது மரபு. கவிஞன் எந்த மனநிலையில் எதை எழுதினான் என்பதல்ல, எந்த எழுத்தில் முடித்தான் என்பதே வரிசை. குமாஸ்தாவின் புத்தி அங்கேயும் விடவில்லை! ஹாஃபிஸின் திவான் அவர் மறைவுக்குப் பின் தொகுக்கப்பட்டது. அதை மொழிபெயர்ப்பில் படித்து மயங்கிய ஜெர்மன் கவிஞர் கதே, 1819இல் தம் நூலுக்கே திவான் என்று பெயர் வைத்தார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பெயரால் வழங்கும் ஒரு திவானும் அரபிக் கல்லூரி மாணவர்களுக்குத் தெரிந்ததே. அரபுக் கவிதையே அரபுகளின் திவான் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. எழுதி வைக்காத சமூகத்துக்குக் கவிதைதான் பதிவேடு என்று பொருள்.

கட்டிலுக்கு வருவோம். எழுத்தர்கள் கூடி உட்கார்ந்த இடம், அடுத்து மந்திரிகள் கூடிய சபை, அடுத்து மன்னர் அமர்ந்த மண்டபம் என்று பொருள் வளர்ந்தது. டெல்லி செங்கோட்டையில் ஷாஜஹான் கட்டிய திவானே ஆம் பொதுமக்களுக்கு, திவானே காஸ் தேர்ந்தவர்களுக்கு. துருக்கியில் உஸ்மானியர்களின் அரச சபைக்கே திவான் என்று பெயர். அங்கே சுவரோரம் நீளமாக மெத்தை போட்டு உட்காரும் வழக்கம். அதைப் பார்த்த ஐரோப்பியர் சபையின் பெயரை மெத்தைக்குக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயர் வழியாக அது நம் மரக்கடைக்கு வந்து 'திவான் செட்' ஆகிவிட்டது. மண்டபம் என்ற பொருள் மலாய் மொழியில் அப்படியே நின்றது. மலேசியாவில் நாடாளுமன்றக் கீழவை டேவான் ரக்யாட், மேலவை டேவான் நெகாரா, கல்யாணம் நடக்கும் பொது மண்டபமும் டேவான். அந்தப் பெரியவர் சொன்னது சரியே.

பையனின் வரலாற்றுப் புத்தகம் சொல்வதும் சரியே. முகலாயர் ஆட்சியில் ஒரு மாகாணத்தின் படையும் காவலும் ஒருவரிடம், வரியும் கணக்கும் திவானிடம். 1765 ஆகஸ்டில் மன்னர் இரண்டாம் ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானி உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் மன்னருக்கு. மற்றதெல்லாம் கம்பெனிக்கு. கணக்கேடு கை மாறியது, நாடு கை மாறியது. அப்போதும் மன்னர் மன்னராகவே இருந்தார், பெயரளவில்.

சமஸ்தானங்களில் திவான் என்றால் முதன்மை மந்திரி. நமக்குப் பக்கத்தில் திருவிதாங்கூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கம்தான் இருந்தது. அங்கே முன்னர் தளவாய் என்று இருந்த பதவி பின்னர் திவான் ஆனது. 1811இல் கர்னல் மன்றோ என்ற ஆங்கிலேயரே திவானாக அமர்ந்தார். சர் சி.பி. ராமசாமி ஐயர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முன்னால் 1934 முதல் 1936 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் சர் முகம்மது ஹபீபுல்லா என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. மைசூரில் 1926 முதல் 1941 வரை சர் மிர்ஸா இஸ்மாயீல். அவர் முன்னோர் பாரசீகத்தின் ஷீராஸிலிருந்து வந்தவர்கள். சொல்லும் ஆளும் ஒரே ஊர்க்காரர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

மூத்தாப்பாவின் பெயர் மட்டும் பாக்கி. நெல்லைப் பக்கம் திவான் மைதீன், திவான் ஒலி என்று பெயர்கள் இன்றும் உண்டு. வலிமார்களை ஆன்மிக அரசவையின் பெரியவர்களாகக் கண்ட காலத்தின் வாசனை அதில் இருக்கிறது. தர்கா என்ற சொல்லும் பாரசீகத்தில் அரசவை வாசலைக் குறித்ததே.

இனி அந்தப் பையனிடம் சொல்ல முடியாதது.

நம் பள்ளிவாசல் அலுவலக அறைக்குள் போய்ப் பாருங்கள். மேசையில் இருப்பது நிக்காஹ் தப்தர். வசூலிப்பது சந்தா. கிழித்துக் கொடுப்பது ரசீது. எல்லாம் பாரசீகம் வழியாக வந்தவை. தப்தர் என்பது தோலைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து பாரசீகத்துக்கு வந்து ஏடு ஆனது. அந்த அறையில் இன்னொரு ஏடும் இருக்கும். ஜமாஅத்தின் தலைக்கட்டுப் பதிவேடு. திவான் என்ற பெயர் மட்டும்தான் அதற்கு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் இமாமாக இருந்த ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே தலைக்கட்டு என்றால் ஆண். ஒரு சகோதரர் வெளிநாட்டில் வஃபாத்தானார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். மகன் இல்லை. ஆண்டு முடிவில் பதிவேட்டைச் சரிபார்த்தபோது, வழக்கப்படி அவர் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு போடப்பட்டது. அத்தோடு அந்த வீடு ஏட்டிலிருந்து போயிற்று. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கணக்குப்பிள்ளைக்கு உதவியாக அன்று பேனாவைப் பிடித்திருந்தது நாம்.

அதன் பிறகு குர்பானிப் பங்கு ஏட்டைப் பார்த்துப் பிரித்தார்கள். அந்த வீட்டுக்குப் போகவில்லை. நோன்பில் அரிசி டோக்கன் ஏட்டைப் பார்த்துக் கொடுத்தார்கள், அதுவும் போகவில்லை. அவர்கள் வந்து கேட்கவில்லை. கேட்கிற குடும்பம் இல்லை. நான்கு வருடம் கழித்து மூத்த பெண்ணுக்கு வெளியூரில் சம்பந்தம் முடிவாகி, ஜமாஅத் கடிதம் வாங்க வந்தபோதுதான் தெரிந்தது. "உங்க பேர்ல தலைக்கட்டு இல்லையேம்மா. உங்க அண்ணன் தலைக்கட்டுல சேர்த்து எழுதித் தர்றோம், அவரை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றார்கள். அண்ணனோடு சொத்து விஷயமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கடிதம் இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டு ஜமாஅத்தில் நிக்காஹ் நடக்காது. தேதி குறித்தாயிற்று.

அன்று இரவு ஷரீஅத் இதில் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து பார்த்தோம். நிக்காஹுக்கு வலி வேண்டும், அது வேறு விஷயம். வலி என்பவர் பெண்ணின் தந்தை வழியில் வருபவர். தந்தை, தந்தையின் தந்தை, சகோதரர், தந்தையின் சகோதரர் என்று வரிசை போகும். தாயின் அண்ணன், அதாவது பெண்ணின் தாய்மாமன், அந்த வரிசையில் இல்லவே இல்லை. பெண்ணின் வாப்பாவுடைய தம்பி உயிரோடு இருந்தார், வரத் தயாராகவும் இருந்தார். ஆக, அண்ணன் கையெழுத்துக்கு மார்க்கத்தில் எந்த வேலையும் இல்லை. அது நம் ஏட்டின் வழக்கம் மட்டுமே. குதைதில் நின்று ஒவ்வொரு பெண்ணின் கையிலும் கொடுத்த அந்த அறிவிப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக முஸ்னத் அஹ்மதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அறிவிப்பாளர் வரிசையில் அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள், ஹாகிம் ஸஹீஹ் என்கிறார். அல்லாஹ்விடம் திவான்கள் மூன்று என்பது அதன் கருத்து. இணைவைப்பைப் பதிந்த திவான் மன்னிக்கப்படாது. அடியானுக்கும் இறைவனுக்கும் இடையில் உள்ள குறைகளின் திவானை அவன் நாடினால் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவான். மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்த அநியாயத்தின் திவானில் மட்டும் ஒரு வரியையும் விடமாட்டான். நபிமொழியிலும் அதே பாரசீகச் சொல், திவான்.

மறுநாள் நிர்வாகிகளிடம் பேசினோம். எளிதாக முடியவில்லை. "ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாரும் கேப்பாங்க ஹஜ்ரத்" என்றார் ஒருவர். கேட்கட்டுமே என்றோம். எத்தனை வீடு இப்படி விடுபட்டிருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்ப்போம் என்றார் செயலாளர். அவர் நல்ல மனிதர். பழைய ஏட்டைப் புரட்டிச் சிவப்புக் கோடுகளை எண்ணினோம். பதினோரு வீடு. சில வீடுகளில் மகன்கள் வளர்ந்து தனித் தலைக்கட்டு ஆகியிருந்தார்கள். ஆறு வீடுகளில் பெண்கள் மட்டும். பொதுக்குழு வரை போய், இரண்டு ஜும்ஆ தாண்டி, ஒரு தீர்மானம் எழுதினார்கள்: கணவரை இழந்தவர் விரும்பினால் அவர் பெயரிலேயே தலைக்கட்டு, சந்தா விருப்பம் போல். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார். இன்றும் நம்மிடம் ஸலாம் சொல்வார், அதற்கு மேல் பேசமாட்டார்.

கடிதம் எழுதும் நாளில் அந்த உம்மா மகளோடு வந்து வாசல் பக்கம் நின்றார்கள். பதிவேட்டைத் திருப்பி அவர்களுக்குத் தெரியும்படி வைத்தோம். பழைய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் கோட்டை யாரு ஹஜ்ரத் போட்டது?"

"நாங்கதாம்மா போட்டோம்" என்றோம்.

சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவங்க பேருக்குப் பக்கத்துல மர்ஹூம்னு எழுதுங்க" என்றார்கள். கோட்டை அழிக்க வழியில்லை. பக்கத்தில் எழுதினோம். அதற்குக் கீழே, அதே தலைக்கட்டு எண்ணில், அவர்கள் பெயர். அந்த மாதச் சந்தாவை அங்கேயே கொடுத்துவிட்டு, ரசீது யார் பெயரில் கிழித்திருக்கிறது என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.